கோபுர வண்ணம் படிந்த வயலின் பெட்டி

ரங்கூனில் எங்கள் பஜனை மடத்துப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை நானும் மடத்துப் பெரியவரும் சேர்ந்து இறக்கி வைத்தபோது, அதன் மூடியில் மயில் நீலம், ரோஸ், மஞ்சள், இலைப் பச்சை, சுண்ணாம்பு வெள்ளை என ஐந்து வண்ணங்களை எண்ண முடிந்தது. சில, தூரிகையிலிருந்து தெறித்த துளிகள். சில, டின்னின் அடிவிளிம்பு பதிந்த முழு வட்டங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தை ஒட்டிக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது வழக்கம். அந்த நாட்களில் மடத்தில் தங்கிய வண்ணக்காரர்களுக்கு, தட்டையான மூடியும் உறுதியான பக்கங்களும் கொண்ட இந்தப் பெட்டி டின் வைக்கவும், உட்கார்ந்து சாப்பிடவும், எட்டாத இடத்துக்கு ஏறி நிற்கவும் தோதாக இருந்திருக்கிறது. உள்ளே வயலின் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

வயலின் என் தாத்தாவுடையது. அவருக்குப் பின் பெரியப்பா வாசித்தார். 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரங்கூன் கடைகள் நாட்டுடைமையாகி, மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளும் செல்லாமல் போன பிறகு, தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். பெரியப்பாவும் ஏறினார். துறைமுகச் சோதனையில் எது தப்பும், எது தப்பாது என்பது தெரியாததால் வயலினை என் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டில் முடங்கிக் கிடப்பதைவிடப் பஜனைக்காவது உதவட்டும் என்று மடத்தில் கொடுத்துவைத்தார். அதைக் கடைசியாக வாசித்தவர் காலமான பிறகு பெட்டி பரணுக்குப் போயிற்று. இப்போது என் தங்கை மகள் பதின்மூன்று வயதில் வயலின் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பதால், போய்க் கேட்டேன். "எடுத்துக்கிட்டுப் போ தம்பி, உங்க வீட்டுச் சாமான்தானே" என்றார் பெரியவர்.

வயலினின் விளிம்பு ஒட்டுகள் இரண்டு இடங்களில் விட்டிருந்தன, தந்திகளை முறுக்கும் பிரடைகள் இறுகியிருந்தன. அவற்றைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொண்டேன். அது என் கைக்கு அடங்கிய வேலையன்று. பெட்டியை நானே சீர்ப்படுத்துவது என்று முடிவு செய்தேன். வைகாசிக் கடைசியில் தொடங்கிய வேலை புரட்டாசியில் முடிந்தது.

முதலில் அளந்தேன். நீளம் 80 சென்டிமீட்டர், அகலம் 25, உயரம் 13. முழு அளவு வயலின் 60 சென்டிமீட்டர்தான் இருக்கும். பெட்டியின் நீளத்தைத் தீர்மானிப்பது 75 சென்டிமீட்டர் வரை வரும் வில். ஆகவே வில் மூடியின் உட்புறத்தில் படுத்திருக்க, கீழே வயலினின் தலைப்பக்கம் மிஞ்சும் இடத்தில் வில்லில் தேய்க்கும் ரோசினுக்கும் தந்திகளுக்குமாக ஒரு சிற்றறை அமைந்திருந்தது. பலகை முழுவதும் தேக்கு. கனம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். நான்கு மூலைகளிலும் கைவிரல்களைக் கோத்ததுபோலப் பலகைகளின் நுனிகளை ஒன்றுக்குள் ஒன்று செலுத்தியிருந்தார்கள்; ஓர் ஆணிகூட இல்லை. வயலினின் அடிப்பகுதி வளைவுக்கு ஏற்ப மூலைகளில் முக்கோணத் தேக்குக் கட்டைகள் வஜ்ஜிரப் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. வெளியே கருப்புப் பூச்சு. வயலினும் வில்லும் உள்ளே இருக்கத் தூக்கினால் ஐந்து கிலோவுக்குச் சற்றே குறைவு. இன்று கடைகளில் கிடைக்கும் பஞ்சுநுரைப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது பாரம்தான். ஆனால் அந்த நுரைப் பெட்டி ஒன்றின் மேல் ஓர் ஆள் ஏறி நின்றிருந்தால் தாத்தாவின் வயலின் அன்றே போயிருக்கும்.

பெட்டி என்பது உள்ளிருக்கும் கருவிக்காக இருக்கிறது. எந்தக் கறையை எடுப்பது, எதை விடுவது, எந்தப் பூச்சைப் பூசுவது என்ற ஒவ்வொரு கேள்விக்கும், இது வயலினையும் அதைச் சுமக்கப்போகும் பிள்ளையையும் காக்குமா என்று கேட்டுப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டேன். அழகு அதற்குப் பின்னால்தான் வந்தது.

உட்புறம் வெளிப்புறத்தைவிட மோசமாக இருந்தது. சிவப்பு வெல்வெட் பூஞ்சை பிடித்து வெளிறியிருந்தது. வில்லின் குதிரைமயிர் பாதிக்கு மேல் அறுந்து தொங்கியது. வாசிக்கும்போது அறும் மயிர் ஒன்றிரண்டாக அறும். இது ஒரே இடத்தில் கத்தரித்ததுபோல இருந்தது. நெடுநாள் திறக்காத இருட்டுப் பெட்டிக்குள் கம்பளத்தையும் மயிரையும் தின்னும் சிறு வண்டுகளின் புழுக்கள் குடியேறிவிடும். அவற்றின் உரிந்த தோல்கள் வெல்வெட்டின் மடிப்புகளில் உமிபோலக் கிடந்தன. இதற்குப் பாச்சை உருண்டையையோ கற்பூரத்தையோ போட்டு மூடிவைப்பது நம் வீடுகளின் வழக்கம். வயலின் பெட்டியில் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆவி மூடிய இடத்தில் தங்கி வார்னிஷைப் பாதிக்கக்கூடும். வெளிச்சமும் காற்றும் அடிக்கடி திறப்பதும்தான் அந்தப் புழுக்களுக்குப் பிடிக்காதவை.

வெல்வெட்டை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றியதும், அடியிலிருந்த வஜ்ஜிரம் இளகித் துணி முழுதாக உரிந்து வந்தது. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசையின் பெருமையே இதுதான்: பல பத்தாண்டுகள் பிடித்து நிற்கும், வேண்டும்போது வெந்நீருக்கு வழிவிடும். இன்றைய வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தால் பலகையைச் சிராய்த்துத்தான் துணியை எடுத்திருக்க வேண்டும். வெல்வெட்டுக்கு அடியில் இலவம்பஞ்சு திணித்திருந்தார்கள். தொட்டதும் தூளாகிப் போனாலும், அதில் பூஞ்சையின் சுவடே இல்லை. இலவம்பஞ்சின் இழையில் மெழுகுபோன்ற ஒரு படலம் இருப்பதால் அது எளிதில் தண்ணீரை உறிஞ்சாது. வெற்றுப் பலகையைத் தூரிகையால் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, மழை இடைவிட்ட இரண்டு பகல்களில் உட்புறம் மட்டும் வெயில் படும்படி சாய்த்து வைத்தேன். வெளிப்புறத்தைத் துணியால் போர்த்தியிருந்தேன். காரணம் பின்னால் வருகிறது. பிரிந்திருந்த ஒரு மூலையை மீண்டும் வஜ்ஜிரத்தால்தான் ஒட்டினேன். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, அது பசையை விலக்கும். ஒட்டும் முகங்களை முதலில் அசிட்டோனால் துடைத்து, உடனே பசை தடவி, கயிற்றைச் சுற்றி முறுக்கி ஓர் இரவு விட்டேன்.

இனி வண்ணம். எங்கள் தெருவில் தச்சு வேலை செய்யும் இளைஞர் எட்டிப் பார்த்துவிட்டு, "உப்புத்தாள் போட்டா ஒரே நாள்ல உரிச்சிடலாம் அண்ணே" என்றார். அன்போடு சொன்ன யோசனைதான், ஆனால் அதை ஏற்க முடியாததற்கு ஒரு காரணம் கீலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. முதலில் நான் எண்ணாமல் விட்ட ஆறாவது வண்ணம் அது: பளிச்சென்ற ஆரஞ்சுச் சிவப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. இரும்புக் கதவுகளுக்கு முதல் பூச்சாக அந்தக் காலத்தில் ஈயச்செந்தூரம் கலந்த வண்ணத்தைப் பூசுவார்கள். செங்கல் நிறத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு வேறு. இதன் நிறம் அதுவல்ல என்பதால் ஈயம் என்றே எடுத்துக்கொண்டேன். அதை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயம் தூளாகி மூச்சில் ஏறும், தரையில் படியும். குழந்தைகளின் மூளையையும் நரம்பையும் அது தாக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. தினமும் அந்தக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் திறக்கப்போவது பதின்மூன்று வயதுப் பெண். ஆகவே அந்தத் திட்டு முழுமையாகப் போக வேண்டும், ஈரத்திலேயே போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, மூங்கில் பட்டையைச் சீவிச் செய்த அலகால் சிறிது சிறிதாக நெம்பி, வந்த செதில்களை ஈரத்தோடு ஒற்றி எடுத்துப் பையில் கட்டி ஒதுக்கினேன். முகமூடியும் கையுறையும் அணிந்து மூன்று மாலைகள் அந்த ஒரு திட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மற்ற வண்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வழி. சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிவிடும். அதற்குப் புளிப்புதான் மருந்து. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தோய்த்து வைத்தால் நுண்ணிய நுரை எழும்பிக் கரைந்துவிடும்; பிறகு நல்ல தண்ணீரால் இருமுறை துடைக்க வேண்டும். மஞ்சளும் பச்சையும் தண்ணீரில் கரைத்துப் பூசும் வகை. அவை ஸ்பிரிட்டில் ஊறி ரப்பர்போல் சுருண்டு வந்தன. நீலமும் ரோஸும் எனாமல். காய்ந்து பல ஆண்டுகளான எனாமலுக்கு டர்பன்டைன் பட்டாலும் ஒன்றுதான், மழைநீர் பட்டாலும் ஒன்றுதான்; தின்னர்தான் வேண்டும்.

தின்னரைத் தொடுவதற்கு முன் தயங்கினேன். வெளியே இருக்கும் கருப்புப் பூச்சு அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பாலிஷ் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் ஸ்பிரிட் பட்டாலே அது கரைய வேண்டும். ஆகவே பெட்டியின் அடியில், யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில், ஸ்பிரிட் தோய்த்த வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. தின்னர் வைத்தேன், அப்போதும் வெள்ளை. அசிட்டோனுக்கும் அதே பதில்தான். எதிலும் கரையாத கருப்புப் பூச்சு என்றால் இந்த நாட்டில் பிறந்தவனுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும்.

திட்சி என்பது பர்மியப் பெயர். ஷான் மலைப்பகுதிகளில் வளரும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறி வடிக்கும் பால் அது. வடியும்போது சாம்பல் நிறமாக இருந்து, காற்றுப் பட்டதும் கருத்துவிடும். தமிழில் நாம் அரக்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டும் உறவில்லாதவை: அரக்கு பூச்சியிடமிருந்து வருவது, சூடு பட்டால் உருகும், ஸ்பிரிட்டில் கரையும், திட்சி மரத்திலிருந்து வருவது, ஒருமுறை இறுகினால் உருகாது, கரையாது, எலுமிச்சைக்கும் தின்னருக்கும் அசையாது. அதன் பகை வெயில் ஒன்றுதான்; நாள்பட வெயில் பட்டால் மங்கிச் சாம்பல் பூக்கும். பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஏன் பளபளப்பு இழந்து பழுப்பேறியிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது: மடத்து ஜன்னலைப் பார்த்திருந்த பக்கம் அது.

இருந்தாலும் என் ஊகத்தை மட்டும் நம்பி மேலே செல்ல மனம் வரவில்லை. இரவுப் பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பகானுக்குப் போனேன். பழைய பகானுக்குத் தெற்கே மியின்கபா என்னும் கிராமம் திட்சி வேலைக்குப் பெயர் பெற்றது. அங்கே வயது முதிர்ந்த ஒரு கைவினைஞர், அவரை எல்லோரும் சயாஜி என்று மரியாதையோடு அழைக்கிறார்கள், பெட்டியைத் திருப்பிப் பார்த்து, உடைந்திருந்த விளிம்பை நகத்தால் வருடி, பூச்சு திட்சிதான் என்றார். அதன் கீழே தயோ ஓர் அடுக்கு இருப்பதையும் காட்டினார். திட்சியோடு சாம்பலோ மரத்தூளோ பிசைந்து செய்யும் மக்கின் பெயர் அது; மரத்தின் ரேகைகளை நிரப்பி, மேல்பூச்சுக்குச் சமதளம் அமைக்கும். (வயலினுக்கும் பர்மியத்தில் கிட்டத்தட்ட இதே ஒலியுள்ள பெயர்தான். பர்மியக் காதுக்கு இரண்டும் தெளிவாக வேறு. தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. பாலுசாமி தீட்சிதர் காலம் முதல் நம் இசை வயலினைத் தன்னுடையதாக்கிக்கொண்டதுபோலவே, பர்மியர்களும் தங்கள் இசைக்கு அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.) மூலைப் பொருத்துகளைப் பார்த்த சயாஜி, தச்சு இந்தியக் கை என்றும், பூச்சு பர்மியக் கை என்றும் சொன்னார். செய்தவர்களைப் பற்றி எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வண்ணத்தை எடுப்பது பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "பூச்சு இருக்கிற இடத்தில் பயப்படாதே, பூச்சு போன இடத்தில் கை வைக்காதே." ரங்கூன் திரும்பி வேலையைத் தொடங்கிய பிறகே அதன் பொருள் முழுதாகப் புரிந்தது. திட்சி நன்றாக இருந்த இடங்களில் தின்னர் தோய்த்த துணியைப் பத்து நிமிடம் போட்டு மூடிவைத்து, மூங்கில் அலகால் தள்ளினால் நீல வட்டங்கள் வட்டமாகவே எழும்பி வந்தன. கீழே கருப்பு புதிதாக இருந்தது. ஆனால் மூடியின் நடுவில், ஆட்கள் ஏறி நின்று நின்று பூச்சுத் தேய்ந்து மரம் வெளிப்பட்டிருந்த இடத்தில், ரோஸ் எனாமல் தேக்கின் ரேகைகளுக்குள் இறங்கியிருந்தது. அங்கே தின்னர் வைத்தால் வண்ணம் வெளியே வருவதற்குப் பதிலாகக் கரைந்து இன்னும் ஆழமாக இறங்கும். அதை எடுக்க வேண்டுமானால் மரத்தையே இழைத்து எடுக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் பலகையில் இரண்டு மில்லிமீட்டர் போய்விட்டால் மூடி பலவீனப்படும். ஆகவே மேலே துருத்தியதை மட்டும் மட்டப்படுத்தி, ரேகைக்குள் இருந்ததை அப்படியே விட்டு, அதன் மேல் தயோ பூசினேன். ரோஸ் நிறம் இன்னும் உள்ளே இருக்கிறது. இறுகிய எனாமல் மரத்துக்குக் கேடு எதுவும் செய்யாது.

திட்சி பூசுவதற்கு ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மாதங்களைவிட ரங்கூனில் ஏற்ற காலம் கிடையாது. மற்ற வார்னிஷ்கள் காய்வது கரைப்பான் ஆவியாகிப் போவதால். திட்சி அப்படிக் காய்வதில்லை; ஈரக் காற்றிலிருந்து உயிர்வளியை வாங்கி, தன்னுள் இருக்கும் ஒரு நொதியின் உதவியால் இறுகுகிறது. காற்று உலர்ந்திருந்தால் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருக்கும். பகான் வறண்ட நடுப் பர்மாவில் இருப்பதால் அங்கே தரைக்கு அடியில் நிலவறை கட்டி, அதன் ஈரத்தில் சாமான்களை வைத்து இறுக விடுகிறார்கள். என் வீட்டிலோ துணி காயாமல், செருப்பில் பூஞ்சை பூத்து, உப்பு நீராகி ஓடும் காலம் அது. பழைய பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே ஈரச் சாக்கு தொங்கவிட்டு, அதற்குள் வயலின் பெட்டியை வைத்தேன். ஈரம் தருவதைவிடத் தூசி படியாமல் காப்பதற்கே அந்த மரப்பெட்டி அதிகம் பயன்பட்டது. தயோ மூன்று அடுக்கு, திட்சி நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் தாளைவிட மெல்லியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கிவிடும் என்று சயாஜி எச்சரித்திருந்தார். இரண்டு அடுக்குகளுக்கு இடையே நெல் உமிச் சாம்பலை ஈரத் துணியில் தொட்டு மெருகு தேய்த்தேன். பல் விளக்குவதற்கு எங்கள் பாட்டி வைத்திருந்த அதே சாம்பல்தான்.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார், அதில் நான் கவனம் தவறினேன். மா, முந்திரி, வண்ணார் துணியில் குறியிடும் சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மரம். சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்பது தெரிந்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டாம். கையுறை முடியும் இடத்தில், மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்டதுபோலக் கொப்புளம் எழும்பி இரண்டு வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. இறுகிய பின் அந்த ஆபத்து இல்லை. அப்படியும் கடைசி அடுக்குக்குப் பிறகு முழுதாக மூன்று வாரம் விட்டுத்தான் தங்கை மகளைத் தொடவிட்டேன்.

பித்தளைக் கொண்டிகளையும் கீல்களையும் கழற்றி, புளிக்கரைசலில் தேய்த்துக் கழுவினேன். குத்துவிளக்குக்குச் செய்வதுதான், ஆனால் மரத்தோடு இருக்கையில் செய்தால் புளித்தண்ணீர் திருகாணி ஓட்டைக்குள் தங்கிவிடும் என்பதால் கழற்றுவது அவசியம். தளர்ந்திருந்த ஓட்டைகளில் தேக்குக் குச்சியைச் சீவி, பசையிட்டு அடித்து, மீண்டும் துளையிட்டேன். தோல் கைப்பிடி மட்டும் பயன்படவில்லை. பிரம்பை வளைத்து உள்ளே வைத்து மேலே தோல் தைக்கும்படி செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சொன்னேன். நான் கேட்டதைவிட நன்றாகவே செய்து தந்தார்.

உட்புறத்துக்கு மீண்டும் இலவம்பஞ்சையே வாங்கினேன். பஞ்சுநுரை எளிது, ஒரே சீராக இருக்கும். ஆனால் ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம் ஊரில் அது பத்து, இருபது ஆண்டுகளில் சிதைந்து பசையாகி, கருவியின் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். தெயின்ஜி சந்தையில் கரும்பச்சைப் பருத்தி வெல்வெட் கிடைத்தது. வெட்டுவதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஏறுகிறதா என்று பார்த்தேன்; முதலில் பிடித்துப்போன சிவப்பு வெல்வெட்டை இந்தச் சோதனையில் தேறாததால் விட்டுவிட்டேன். பழைய அமைப்பில் வயலினின் முதுகு பெட்டியின் தரையிலேயே படிந்திருந்தது. இதை மாற்றினேன். மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் அடியில் மட்டும் கனத்த மெத்தை அமைத்து, முதுகின் வளைவு தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும்படி செய்தேன். பெட்டி கீழே விழுந்தால் அதிர்ச்சி விளிம்புச் சட்டங்கள் உறுதியாக இருக்கும் முனைகளுக்குப் போகும். மெல்லிய முதுகுப் பலகைக்கு நேராகப் போகாது. அந்த ஒரு சென்டிமீட்டர் உயர்ந்ததால் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் மூடியிலிருக்கும் வில்லுக்கும் இடையே இடம் போதுமா என்று களிமண் உருண்டை ஒன்றைக் குதிரை மேல் வைத்து மூடித் திறந்து பார்த்தேன். உருண்டை நசுங்கவில்லை.

நான் சேர்த்த இன்னொரு பொருள் நான்கு கால்கள். கர்நாடக முறையில் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பதால், பெட்டியும் பக்கத்தில் தரையில்தான் இருக்கும். மடத்துத் தரையைத் தினமும் கழுவுவார்கள். அடிப்பலகையின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் ஏறிய தடம் இருந்தது. அங்கேதான் பூச்சு அதிகம் பெயர்ந்திருந்தது. பழைய பொருளில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குப் போகும் பெட்டியாக இருந்தால் நானும் அப்படியே செய்திருப்பேன். இது வகுப்புக்குப் போகிறது. ஒரு சென்டிமீட்டர் உயரத் தேக்குக் கால்களை, அடியில் தோல் ஒட்டி, பொருத்தினேன்.

ஈரத்தை வெளியே நிறுத்துவதற்கு மூடியின் விளிம்பைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒட்டி, சிற்றறையில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் வைத்திருக்கிறேன். கருவிக்கு உகந்தது 40 முதல் 60 சதவீத ஈரப்பதம். ஆவணியில் வீட்டுக்குள் என் சிறு மீட்டர் 80க்கு மேலேயே நின்றது. அதே மீட்டரை மூடிய பெட்டிக்குள் ஒரு நாள் விட்டு எடுத்தபோது 58 காட்டியது. மாதம் ஒருமுறை அந்த மணிகளை வாணலியில் மெல்லிய சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்க வேண்டும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் அடுப்பில் செய்யக்கூடிய வழியாக இது இருப்பதில் எனக்கு நிம்மதி.

கடைசியாகக் கைப்பிடி. பழைய கைப்பிடியின் திருகாணி ஓட்டைகளை அளந்தபோது, அது பெட்டியின் நடுவில் இல்லாமல் ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளியிருப்பதைக் கண்டேன். தச்சரின் கைத்தவறு என்று முடிவுகட்டி, நாடாவால் அளந்து, துல்லியமாக நடுவில் புது ஓட்டைகள் போட்டு, பழையவற்றை அடைத்துவிட்டேன். சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, வயலினை உள்ளே வைத்து, தங்கை மகளிடம் கொடுத்தேன். கூடத்தைக் குறுக்காக நடந்து போய்த் திரும்பி வந்தாள். "ஒரு பக்கமா இழுக்குது மாமா" என்றாள். வயலினின் உடலும் மூலைக் கட்டைகளும் வலப்பக்கத்தில் இருக்கின்றன. இடப்பக்கத்தில் மெல்லிய கழுத்தும், வெறுமையான சிற்றறையும்தான். எடையின் நடு பெட்டியின் நடுவில் இல்லை என்பதைத் தச்சர் வயலினை உள்ளே வைத்துத் தூக்கிப் பார்த்துத்தான் கைப்பிடி வைத்திருக்கிறார்; நான் வெறும் பெட்டியை அளந்திருக்கிறேன். அன்றிரவே கைப்பிடியைக் கழற்றி, பழைய இடத்தில் மறுபடியும் துளையிட்டுப் பொருத்தினேன். மறுநாள் காலை அவள் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். பெட்டி நேராக நின்றது. நான் போட்ட இரண்டு ஓட்டைகளையும் தயோவால் அடைத்திருக்கிறேன். அவை இறுகி மெருகேற்றத் தயாராக இன்னும் நான்கு நாட்கள் ஆகும்.